காலையில் ஸ்ரார்ட் செய்ததும் பழைய கார் ஏன் கீச்சிடுகிறது?

மாரி தொடங்கினால் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் விடியப்புறம் ஒரு சத்தம் கூடிவிடும். யாரோ காரை ஸ்ரார்ட் செய்கிறார்கள், எஞ்சின் பிடிக்கிறது, உடனே காதைத் துளைக்கும் ஒரு கீச்சொலி. சில நொடியில் அது அடங்கிவிட்டால் வண்டிக்காரர் அதை மறந்துவிடுவார். அடங்காவிட்டால் கராஜுக்குப் போவார். அங்கே பெரும்பாலும் கிடைக்கும் பதில், "பெல்ட் போயிட்டுது, மாத்துவம்." மாற்றுவார்கள். இரண்டு மாதத்தில் அதே சத்தம் திரும்பவும் வரும்.

இலங்கையில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான கார்கள் மறுபடி வர அனுமதி கிடைத்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் இருக்கும் வண்டியையே பழுதுபார்த்து ஓடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. நிசான் சன்னி, கொரொல்லா, லைட்ஏஸ், மாருதி 800 என்று இருபது முப்பது வயதான வண்டிகள் இன்றைக்கும் வீடுகளில் நாளாந்தப் பாவனையில் இருக்கின்றன. இந்தக் கீச்சொலி எங்கிருந்து வருகிறது, அதை எப்படிப் பிரித்தறிவது என்று தெரிந்திருந்தால் வீண் செலவு மிச்சம். நடுவழியில் நிற்பதையும் தவிர்க்கலாம்.

பெல்ட் செய்யும் வேலை

எஞ்சினின் முன்பக்கத்தில், கிராங்க் தண்டின் நுனியில் ஒரு கப்பி இருக்கிறது. எஞ்சின் சுற்றும்போது அதுவும் சுற்றும். அதிலிருந்து ஒரு ரப்பர் பெல்ட் வேறு கப்பிகளுக்குப் போகிறது. பழைய வண்டிகளில் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று பெல்ட்டுகள் தனித்தனியாக இருக்கும்:

1. ஓல்டர்னேற்றரையும் வோட்டர் பம்பையும் சுற்றுவது. இதைத்தான் நாங்கள் ஃபேன் பெல்ட் என்கிறோம்.
2. ஏசி கொம்பிரசருக்கானது.
3. பவர் ஸ்ரியரிங் பம்புக்கானது, அந்த வசதி இருந்தால்.

ஓல்டர்னேற்றர் என்பது பற்றரியைத் திரும்பச் சார்ஜ் செய்து, லைற், ஹோர்ன், ஃபேன் எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் இயந்திரம். வோட்டர் பம்ப் எஞ்சினுக்கும் ரேடியேற்றருக்கும் இடையே தண்ணீரைச் சுற்ற வைப்பது.

பெல்ட்டுக்குப் பல் கிடையாது, சங்கிலியும் கிடையாது. கப்பியின் மேல் அது பிடித்துக்கொண்டிருப்பது உராய்வினால் மட்டுமே. அந்தப் பிடிமானத்தை விடச் சுமை கூடிப்போனால் பெல்ட் வழுக்கும். வழுக்கும் ரப்பர் ஒரே சீராக வழுக்குவதில்லை. ஒட்டும், விடும், ஒட்டும், விடும். இது ஒரு நொடிக்குப் பல நூறு, ஆயிரம் தடவை நடப்பதால் நமக்கு அது கீச்சொலியாகக் கேட்கிறது. ஆகவே இந்த வழுக்கல் சத்தத்துக்கு மூல காரணங்கள் இரண்டுதான்: பிடிமானம் குறைந்திருக்கிறது, அல்லது சுமை கூடியிருக்கிறது. பெல்ட்டை மாற்றினால் பிடிமானம் கொஞ்ச நாளைக்குக் கூடும். சுமை ஏன் கூடியது என்ற கேள்வி அப்படியே இருக்கும்.

ஏன் ஸ்ரார்ட் செய்த உடனே மட்டும்?

குளிரில் ரப்பர் இறுகிவிடுவதுதான் காரணம் என்று வெளிநாட்டு விளக்கங்கள் சொல்லும். பனி கொட்டும் நாட்டுக்கு அது சரி. மார்கழி விடியலிலும் யாழ்ப்பாணத்தில் அப்படி ஒரு குளிர் கிடையாது. இங்கே முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு.

முதலாவது ஈரம். மழைக்கால இரவில் திறந்த கொட்டகையில் நிற்கும் காரின் பொனற்றுக்குக் கீழேயும் பனி படியும். பாசி பிடித்த கிணற்றுக் கயிறு ஈரமானதும் கையில் வழுக்குகிற மாதிரி, தேய்ந்து மினுமினுப்பான பெல்ட்டும் ஈரக் கப்பியில் வழுக்கும். காரைநகர், ஊர்காவற்றுறை, பருத்தித்துறைப் பக்கம் கடலை அண்டி நிற்கும் வண்டிகளுக்கு உப்புக்காற்றும் சேர்கிறது. இரண்டு வாரம் ஓடாமல் நின்றால் கப்பியின் பள்ளத்தில் மெல்லிய துரு படிந்துவிடும். அது பெல்ட்டை அரம் போல அராவும்.

இரண்டாவது, பற்றரி. என் கணிப்பில் அதிகம் கவனிக்கப்படாமல் போவது இதுதான். எஞ்சினைச் சுழற்றும்போது ஸ்ரார்ட்டர் மோட்டர் ஒரு சிறிய பெற்றோல் காரில் 100 முதல் 200 அம்பியர் வரை இழுக்கும். எஞ்சின் பிடித்ததும் இழந்ததை ஓல்டர்னேற்றர் திருப்பிக் கொடுக்கத் தொடங்கும். கணக்குப் பார்ப்போம். 150 அம்பியர் வீதம் 3 நொடி இழுத்தால் 450 அம்பியர்-நொடி. ஓல்டர்னேற்றர் மேலதிகமாக 30 அம்பியர் கொடுத்தால் அது 15 நொடியில் தீர்ந்துவிட வேண்டும். பற்றரி நல்ல நிலையில் இருந்தால் சார்ஜ் ஏறும் வேகம் கடைசியில் கொஞ்சம் குறையும் என்பதால் இன்னும் சற்று நேரம் எடுக்கலாம், அவ்வளவுதான்.

பற்றரி இறங்கிப்போயிருந்தால் கதை வேறு. அது பல நிமிடங்களுக்கு ஓல்டர்னேற்றரிடம் கேட்டுக்கொண்டே இருக்கும். 14 வோல்ட்டில் 60 அம்பியர் கொடுக்கும் ஓல்டர்னேற்றர் 840 வாற் மின்சாரம் தருகிறது. அதன் உள்ளிழப்புகளையும் சேர்த்தால் பெல்ட்டிலிருந்து ஏறக்குறைய ஒன்றரைக் கிலோவாற், அதாவது இரண்டு குதிரைவலு எடுக்கும். அவ்வளவும் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சின்னக் கப்பியின் மேல் விழுகிறது. கிராங்க் கப்பியைவிட ஓல்டர்னேற்றர் கப்பி மிகச் சிறியது. பெல்ட் அதைச் சுற்றித் தொடும் பரப்பும் குறைவு. முதலில் வழுக்குவது அங்கேதான்.

யாழ்ப்பாணத்து ஓட்டமும் பற்றரிக்குச் சாதகமானதாக இல்லை. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து சந்தை, திரும்ப வீடு. ஒவ்வொரு தடவையும் ஸ்ரார்ட் செய்து சில கிலோமீற்றர் ஓடி நிறுத்தினால் பற்றரி முழுதாகச் சார்ஜ் ஆக நேரமே கிடைக்காது. வெளிநாட்டில் இருப்பவர்களின் கார்கள் இன்னும் மோசம். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து ஓடிவிட்டு, பிறகு மாதக்கணக்கில் படங்கு போட்டு மூடிவைத்த வண்டியில் பற்றரி, பெல்ட், கப்பி மூன்றும் ஒன்றாகவே கெட்டிருக்கும்.

சத்தத்தின் நேரத்தைக் கவனியுங்கள்

கருவி எதுவும் எடுப்பதற்கு முன், சத்தம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று கவனமாகக் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

1. எஞ்சின் பிடித்த பிறகு தொடங்கி, சில நொடியில் அடங்கினால்: பெல்ட் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, அல்லது ஈரம். அவசரமில்லை, ஆனால் அந்த வாரமே இறுக்கத்தைப் பார்க்க வேண்டும்.
2. ஒரு நிமிடத்துக்கு மேல் நீண்டால், அல்லது ஹெட்லைற்றும் ஏசி ஃபேனும் போட்டதும் திரும்ப வந்தால்: ஓல்டர்னேற்றர் சுமை. பற்றரியைச் சோதிக்காமல் பெல்ட் வாங்க வேண்டாம்.
3. சாவியைப் பிடித்திருக்கும்போதே தொடங்கி, எஞ்சின் பிடித்த பின்னும் ஊளையாகத் தொடர்ந்தால்: ஸ்ரார்ட்டர் மோட்டரின் பற்சில்லு எஞ்சின் சில்லிலிருந்து விலகவில்லை. இதற்கும் பெல்ட்டுக்கும் தொடர்பில்லை. உடனே நிறுத்துங்கள். இப்படியே ஓடினால் ஸ்ரார்ட்டர் சிதறும், எஞ்சின் சில்லின் பற்களும் போகும்.
4. ஸ்ரியரிங்கை முழுதாக வெட்டித் திருப்பும்போது மட்டும் வந்தால்: பவர் ஸ்ரியரிங் பெல்ட்.
5. கிளச்சை மிதித்ததும் வந்து, விட்டதும் போனால்: கிளச் ரிலீஸ் பெயரிங். மிதித்தபடி ஸ்ரார்ட் செய்யும் பழக்கமுள்ளவர்கள் இதைப் பெல்ட் சத்தம் என்று நினைத்துக்கொள்வதுண்டு.
6. வண்டி உருளத் தொடங்கிய பிறகு வந்தால்: பிரேக். மழை இரவுக்குப் பிறகு டிஸ்க்கில் படியும் மெல்லிய துரு நாலைந்து பிரேக்கில் தேய்ந்து போய்விடும். போகாவிட்டால் பிரேக் பாட் தேய்ந்திருக்கிறது.

பொனற்றைத் திறந்து பார்த்தால்

எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு பாருங்கள். மின்சார ஃபேன் உள்ள வண்டிகளில் எஞ்சின் ஓடாதபோதும் ஃபேன் திடீரென்று சுற்றலாம். ஓடும் எஞ்சினுக்குக் கிட்டக் குனியும்போது சால்வை, தொங்கும் சங்கிலி, பின்னல் எதுவும் முன்னால் விழக் கூடாது.

பெல்ட்டில் இரண்டு வகை உண்டு. பழையது வீ வடிவப் பெல்ட். புதியது அகலமாக, தட்டையாக, உட்பக்கத்தில் நீளவாக்கில் வரிகளோடு இருப்பது. வரிப் பெல்ட்டின் முதுகில் 4பிகே890 என்பது போல அச்சடித்திருக்கும். நான்கு வரி, நீளம் 890 மில்லிமீற்றர் என்று பொருள். கடைக்குப் போக முன் அந்த இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள். "கிட்டத்தட்ட அதே சைஸ்" என்று தரும் பெல்ட்டை ஒருபோதும் வாங்காதீர்கள்.

வீ பெல்ட் பிடிப்பது தன் இரண்டு பக்கச் சுவர்களாலும்தான், அடிப்பாகத்தால் இல்லை. ரோர்ச் லைற்றைப் பிடித்துக் கப்பியின் பள்ளத்துக்குள் பாருங்கள். பள்ளத்தின் அடி மங்கலாக, தூசியோடு இருந்தால் நல்லது. அடி கண்ணாடி மாதிரிப் பளபளத்தால் பெல்ட் தேய்ந்து உள்ளே இறங்கி அடியில் தொடுகிறது, அல்லது கப்பியே அகன்றுவிட்டது. இந்த நிலையில் எவ்வளவு இறுக்கினாலும் சத்தம் போகாது. கப்பி அகன்றிருந்தால் புதுப் பெல்ட்டும் சில வாரத்தில் அதே கதிக்கு வரும். இரண்டு மாதத்தில் சத்தம் திரும்பி வந்த பல வண்டிகளின் விடை இந்தப் பள்ளத்துக்குள்தான் இருக்கிறது.

பெல்ட்டைப் பின்புறமாக மடித்து வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது பழைய முறை. பழைய நியோபிரீன் ரப்பருக்கு அது பொருந்தும். இப்போது வரும் ஈபிடிஎம் என்ற ரப்பர் எளிதில் வெடிப்பதில்லை, கார் ரயர் மாதிரி மெல்ல மெல்லத் தேய்ந்துபோகும். வெடிப்பு இல்லாததால் நல்ல பெல்ட் என்று முடிவெடுத்துவிட முடியாது. வரிகளுக்கிடையிலான பள்ளம் ஆழம் குறைந்து, வரிகளின் கூர் மழுங்கியிருந்தால் அது முடிந்த பெல்ட்.

ஒயில் கசிவையும் பாருங்கள். வால்வ் மூடியின் இடையில் கசியாமல் அடைக்கும் காஸ்கெற்றிலிருந்து கசியும் எஞ்சின் ஒயில் பெல்ட்டில் பட்டால் ரப்பர் ஊதி மென்மையாகிவிடும். அந்தப் பெல்ட்டைக் கழுவிப் பயனில்லை. கசிவை அடைத்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும். இந்த ஒழுங்கை மாற்றிச் செய்வதால் வீணாகும் பெல்ட்டுகள் நிறைய.

இறுக்கத்துக்கு, இரண்டு கப்பிகளுக்கிடையிலான நீண்ட பகுதியின் நடுவில் பெருவிரலால் பலமாக அழுத்துங்கள். ஏறக்குறைய 10 மில்லிமீற்றர் தாழ்ந்தால் பொதுவாகச் சரி. உங்கள் வண்டியின் கைநூலில் அளவு இருந்தால் அதையே நம்புங்கள். புதுப் பெல்ட் ஓடத் தொடங்கியதும் சற்று நீளும். போட்ட அன்று இறுக்கியதோடு விடாமல், சில நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு ஒருக்கா திரும்ப இறுக்க வேண்டும். சத்தம் போக வேண்டும் என்று அளவுக்கு மீறி இறுக்கினால் ஓல்டர்னேற்றர் பெயரிங்கும் வோட்டர் பம்ப் பெயரிங்கும் முன்கூட்டியே போய்விடும். பெல்ட்டின் விலையோடு ஒப்பிட முடியாத செலவு அது.

தண்ணீரும் வோல்ட்மீற்றரும்

தெளிக்கும் போத்தலில் கொஞ்சம் சுத்தமான தண்ணீர் எடுங்கள். எஞ்சின் மெதுவாக ஓடிச் சத்தம் வரும்போது, எட்ட நின்று பெல்ட்டின் உட்பக்கத்தில் சிறிது தெளியுங்கள்.

1. சத்தம் கூடினால்: பெல்ட் வழுக்குகிறது. இறுக்கம் போதாது, அல்லது சுமை கூட.
2. சத்தம் சட்டென்று நின்று, காய்ந்ததும் திரும்பினால்: கப்பிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை.

இரண்டாவது விடை பழைய வண்டிகளில் அடிக்கடி வருகிறது. சொந்த ஓல்டர்னேற்றர் பழுதாகி, வேறு மொடலினுடையதைப் பிடித்து, இடையில் வாஷர் வைத்து முடுக்கியிருப்பார்கள். கப்பி இரண்டு மூன்று மில்லிமீற்றர் முன்னுக்கோ பின்னுக்கோ நிற்கும். நேரான இரும்புச் சட்டம் ஒன்றைக் கிராங்க் கப்பியின் முகத்தோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தால் விலகல் கண்ணுக்கே தெரியும்.

அடுத்தது வோல்ட்மீற்றர். இரவு முழுதும் நின்ற வண்டியில், ஸ்ரார்ட் செய்ய முன், பற்றரி முனைகளில் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் இறங்கிவிட்டது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். ஓடும்போதும் 13-க்கு ஏறாமல், கீச்சொலியும் கேட்டால் பெல்ட் வழுக்கி ஓல்டர்னேற்றர் சரியாகச் சுற்றவில்லை. ஓடும்போது 15-ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றர் பழுது, பற்றரி கொதித்துவிடும்.

காலையில் 12.1, ஓடும்போது 14.2, சத்தம் மூன்று நிமிடம் என்று ஒரு வண்டி இருந்தால் அங்கே பெல்ட்டைவிடப் பற்றரியில்தான் எனக்குச் சந்தேகம். பற்றரி முனைகளில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பூவையும் வெந்நீர் விட்டுத் துடைத்து இறுக்குங்கள். சார்ஜ் சரியாக ஏறாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

பெல்ட் இல்லாத கீச்சொலி

பெயரிங் காய்ந்தாலும் கீச்சிடும். வேறுபாடு என்னவென்றால், பெல்ட் சத்தம் தண்ணீருக்கும் லைற் சுமைக்கும் மாறும், பெயரிங் சத்தம் மாறாது. எஞ்சின் வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கும். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் கைபிடியைக் காதோடு வைத்து, நுனியை ஓல்டர்னேற்றர் உடலிலும் பிறகு வோட்டர் பம்ப் உடலிலும் தொட்டுக் கேட்டால் எது அரைக்கிறது என்று தெரியும். கப்பிக்கும் பெல்ட்டுக்கும் கிட்ட அதைக் கொண்டுபோக வேண்டாம்.

இன்னும் உறுதியாக அறிய, எஞ்சின் ஆறியிருக்கும்போது பெல்ட்டைக் கழற்றிக் கப்பிகளைக் கையால் சுற்றிப் பாருங்கள். மணல் அரைபடுவது போல உணர்ந்தாலோ பக்கவாட்டில் ஆடினாலோ அந்தப் பெயரிங் முடிந்தது. வோட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதிலிருந்து துருநிறக் கோடு வழிந்திருந்தால் உள்ளே சீல் போய்விட்டது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து வருவது. அதையே ரேடியேற்றருக்கு ஊற்றி வந்தால் உள்ளே சுண்ணாம்பு படியும், சீலும் தேயும். கூலண்ட் கலந்த சுத்திகரித்த தண்ணீரையே பாவியுங்கள்.

ஒஸ்ரின், மொறிஸ் வைத்திருப்பவர்களுக்கு

போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில்கூட ஓடித் தப்பிய கார்கள் இவை. 1952 முதல் 1954 வரை தயாரான ஒஸ்ரின் ஏ40 சமர்செட், 1948-இல் வந்த மொறிஸ் மைனர் போன்றவற்றில் முதலில் இருந்தது ஓல்டர்னேற்றர் இல்லை, டைனமோ. எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோ அநேகமாகச் சார்ஜ் செய்யாது. எனவே ஸ்ரார்ட் செய்த உடனே பெல்ட் கீச்சிடுவது குறைவு, அக்சிலேற்றரை மிதிக்கும்போதுதான் வரும்.

இந்த வண்டிகளில் காலைக் கீச்சொலி கேட்டால் முதலில் டைனமோவின் பின்பக்கத்தைப் பாருங்கள். அங்கே பெயரிங்குக்குப் பதிலாக வெண்கலப் புஷ் ஒன்று இருக்கும். லூக்கஸ் டைனமோக்களில் அதற்கு நேரே எண்ணெய் விடும் சின்னத் துளை உண்டு. சில சொட்டு எஞ்சின் ஒயில் விட்டால் சத்தம் நின்றுவிடலாம். அதிகம் விட்டால் கார்பன் பிரஷ்சுக்குப் போய்ச் சார்ஜையே கெடுக்கும். சில சொட்டுகள் என்றால் சில சொட்டுகள்தான்.

செய்யவே கூடாதவை

ஓடும் பெல்ட்டில் சவர்க்காரம் தேய்ப்பது, மெழுகு பிடிப்பது, கடையில் விற்கும் ஒட்டுத் திரவம் அடிப்பது எல்லாமே சத்தத்தை மறைப்பவை. சில நாளில் அவற்றில் தூசி ஒட்டும். சுன்னாகம், கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண் ஒட்டினால் பெல்ட்டும் கப்பியும் சேர்ந்து தேயும். மண்ணெண்ணெயால் பெல்ட்டைத் துடைப்பதும் கூடாது, ரப்பர் ஊதிவிடும். ஓடும் பெல்ட்டுக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோவதால் விரலை இழந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தத் துணிவு எங்களுக்கு வேண்டாம்.

அப்படியே விட்டால்

வழுக்கும் பெல்ட் தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறது. சூட்டில் அதன் முகம் மினுங்கி இறுகும், இன்னும் வழுக்கும், ஒருநாள் அறும். ஊருக்குள் அறுந்தால் பெரிய பிரச்சினை இல்லை. ஏ9 வீதியில் ஆனையிறவுக்கும் வவுனியாவுக்கும் இடையில், மத்தியான வெயிலில் அறுந்தால், வோட்டர் பம்ப் நின்று சில நிமிடத்தில் எஞ்சின் கொதிக்கும். சிவப்புப் பற்றரி லைற் எரிந்து வெப்ப முள்ளும் ஏறினால் அடுத்த ஊர் வரை போய்ப் பார்ப்போம் என்று நினைக்காதீர்கள். ஓரங்கட்டி நிறுத்துங்கள். சூடான ரேடியேற்றர் மூடியைத் திறக்க வேண்டாம். அந்தச் சில கிலோமீற்றரில் ஹெட் காஸ்கெற் போய்விட்டால் பழைய எஞ்சினுக்கு அது பெரிய வைத்தியம்.

கொழும்புப் பயணத்துக்கு முன் பெல்ட்டை மாற்றுவதென்றால், கழற்றியது ஓரளவு நல்ல நிலையில் இருந்தால் எறியாமல் டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். கூடவே 10, 12, 14 இலக்க ஸ்பனர்களும் ஒரு ரோர்ச் லைற்றும் இருக்கட்டும். ஜப்பான் வண்டிகளில் ஃபேன் பெல்ட்டைத் தளர்த்தி மாற்ற அநேகமாக இவை போதும்.